வாயையும் கட்டாதீர்கள், வயிற்றையும் கட்டாதீர்கள்!



"வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வளர்த்தேன்" என்று நம் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது வெறும் பேச்சு அல்ல. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு ஓடி, வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பால் தூக்கி, வீட்டுக்கு வந்து சட்டியில் மிஞ்சியதைத் தின்று பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு சமயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் நம்மைக் கவிழ்த்துவிடும். புற்று நோய்க்குக் கதிர் சிகிச்சை எடுக்கும் சமயம் அது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கருப்பை வாயில் புற்று நோய் என்று தெரிந்தது. "அஞ்சு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வரணும், மொத்தம் 25 தடவை" என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா துணிச்சல்காரர். இருட்டோடு எழுந்து, மகன் மோட்டாரில் சந்திக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. "மிஷின்ல அஞ்சு பத்து நிமிஷம் படுத்து எந்திரிச்சு வர்றேன். சூடும் தெரியலே, வலியும் தெரியலே" என்று லயத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் வயிறு தன் வேலையைக் காட்டியது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை வயிற்றால் போனது. பஸ்ஸிலே என்ன செய்வது? ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் டிரைவரிடம் போய் "நிறுத்துங்க" என்று எப்படிச் சொல்வது?

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ராத்திரி சாப்பிடுவதை நிறுத்தினார். காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெறும் வயிற்றோடு போனால் வெளிக்குப் போக வேண்டியிராது என்று கணக்குப் போட்டார். ஆஸ்பத்திரியில் "ஓகே?" என்று கேட்டபோது "ஓகே" என்று தலையாட்டினார். வீட்டிலும் வாய் திறக்கவில்லை. நாலாவது வாரம் மூன்று நாள் போகவே இல்லை. "மேலுக்கு முடியலே" என்று படுத்துக்கொண்டார். கடைசியில் குளியலறையில் மயங்கி விழுந்து, மகள் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டிரிப் ஏற்றிய பிறகு, வார்டில் இருந்த ஒரு தமிழ் மிசி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "ஏன்கா, இது எங்ககிட்ட சொல்ற விஷயம்தானே? சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திரை கொடுத்திருப்போமே!"

அந்த ஒரு கேள்வியை உங்கள் எல்லாரிடமும் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

வயிறு ஏன் கெடுகிறது?

கதிர் சிகிச்சையை ஆஸ்பத்திரியில் ரேடியோதெராப்பி என்பார்கள். வேகமாகப் பெருகும் அணுக்களைக் கதிர் அழிக்கிறது. புற்று நோய் அணு வேகமாகப் பெருகுவது, அதனால் அடிபடுகிறது. ஆனால் நம் குடலின் உள் தோலும் அப்படித்தான். சில நாளுக்கு ஒரு தடவை பழையது உதிர்ந்து புதியது முளைக்கும். அடிவயிற்றுக்குக் கதிர் வைக்கும்போது பக்கத்தில் இருக்கும் குடலிலும் கொஞ்சம் படும். உள் தோல் புண்பட்டுப் போகும். புண்பட்ட குடல் தண்ணீரை உறிஞ்சாது, பாலைச் செரிக்காது, பித்த நீரையும் திரும்ப இழுத்துக்கொள்ளாது. எல்லாம் சேர்ந்து வயிற்றால் போகிறது.

பெண்களுக்குக் கருப்பை, கருப்பை வாய். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி. இரு பாலருக்கும் மலக்குடல். இந்த இடங்களுக்குக் கதிர் வைத்தால் இந்தத் தொல்லை வரக்கூடும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். கடைசி வாரங்களில் கூடும். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் மெல்ல அடங்கும். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமல்ல. யாரோ செய்வினை வைத்ததும் அல்ல. குடல் மீண்டும் முளைக்கும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடுகிறேன். வெளியிலிருந்து மிஷினால் கதிர் வைத்துக்கொண்டு வருகிறவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம், ஒரே தட்டில் ஊட்டலாம். ஒதுக்கி வைக்காதீர்கள்.

தண்ணீர் குடிக்காமல் போனதில் வந்த வினை

அக்கா செய்த பெரிய தவறு பட்டினி கிடந்தது மட்டும் அல்ல. தண்ணீர் குடிக்காமல் போனதும்தான்.

அடிவயிற்றுக்குக் கதிர் வைக்குமுன் பல ஆஸ்பத்திரிகளில், "இத்தனை கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு, சிறுநீர் கழிக்காம இருங்க" என்று சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால் பலூன் மாதிரி உப்பும். உப்பினால் சிறுகுடலை மேலே தள்ளிவிடும். கதிர் படும் இடத்திலிருந்து குடல் விலகிக்கொள்ளும். பை காலியாக இருந்தால் குடல் கீழே இறங்கி, கதிர் படும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸுக்குப் பயந்து தண்ணீரை நிறுத்திய அக்கா, தன் குடலைத் தானே கதிருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். வயிற்றுப்போக்கு குறையவில்லை, கூடத்தான் செய்தது.

ஆகவே, எவ்வளவு குடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் அடக்க வேண்டும் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டு, அப்படியே தினமும் செய்யுங்கள். பஸ்ஸில் அடக்க முடியாது என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு குடிக்கலாமா என்று கேளுங்கள்.

எதைச் சாப்பிடுவது?

முதல் நாளிலிருந்தே காய்கறி, கீரை, பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. வயிறு நன்றாக இருக்கும்வரை வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். வயிற்றால் போகத் தொடங்கிய பிறகு மட்டும், அது நிற்கும்வரை, சாப்பாட்டை மாற்றுங்கள். அதற்கும் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் இருப்பார். ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

வயிற்றுக்கு ஒத்துப்போகிறவை: அரிசிக் கஞ்சி, குழைந்த வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், வெள்ளை ரொட்டி, தோல் உரித்து அவித்த உருளைக்கிழங்கு, கேரட், பூசணி, வாழைப்பழம், அவித்த முட்டை, மீன் சூப், தோல் எடுத்த கோழி.

தள்ளி வைக்க வேண்டியவை: கச்சான், கடலை, முழுப் பயறு, பச்சைக் காய்கறி, முட்டைக்கோஸ், எண்ணெயில் பொரித்தவை, கெட்டித் தேங்காய்ப்பால் கறி, மிளகாய்ச் சம்பல், கடுங்கோப்பி, கேஸ் பானம். பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சூசு ஊற்றிய தேத்தண்ணிக்கும் அது பொருந்தும். சில நாள் நிறுத்திப் பாருங்கள். கள்ளும் பீரும் சம்சுவும் கிட்டவே வரக் கூடாது. சிகரெட்டும் குடலைக் கெடுக்கும்.

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட, ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முட்டை, மீன், கோழியை விட்டுவிடாதீர்கள். புண் ஆறச் சத்து வேண்டும். "சீக்குக்காரருக்குக் கவுச்சி ஆகாது" என்று வெறுங்கஞ்சியை மட்டும் வாரக்கணக்கில் ஊற்றுவது தவறு. வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் சொல்லுங்கள்.

உப்பு, சீனி, தண்ணீர்

வயிற்றால் போவதில் தண்ணீர் மட்டும் போகாது, உப்பும் போகும். அதனால்தான் கால் பின்னுகிறது, தலை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிளாஸ் ஏதாவது குடிக்க வேண்டும். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கிளினிக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டுத்தான் முதல் மருந்து. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கையில் பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், மட்டம் தட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சீனி, அதே கரண்டியால் அரைக் கரண்டி உப்பு. நன்றாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை வெளிக்குப் போய் வந்த பிறகும் குடியுங்கள். உப்பைக் கூட்டிப் போடாதீர்கள்; அது ஆபத்து. ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதிரோடு வாரம் ஒரு தடவை கீமோ மருந்தும் ஏற்றிக்கொள்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுக்கு ஏற்றும் சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தை வாட்டக்கூடியது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த வாட்டம் கூடும்.

மாத்திரை உண்டு

வயிற்றுப்போக்கை நிறுத்த லோபிரமைட் என்ற மாத்திரை இருக்கிறது. குமட்டலுக்கும் வேறு மாத்திரைகள் இருக்கின்றன. கதிர் வைக்குமுன்பே போட்டுக்கொள்ளும்படி சில பேருக்குக் கொடுப்பார்கள். எத்தனை, எப்போது என்பது டாக்டர் சொல்வதுபோல். காய்ச்சல் இருந்தாலோ இரத்தம் போனாலோ கேட்காமல் லோபிரமைட் போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த நாட்டு மருந்தையும் சொல்லாமல் கலக்காதீர்கள்.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி. மலாயில் நாலு சொல் போதும். வயிற்றுப்போக்குக்குச் "சிரிட் பிரிட்", வாந்திக்கு "முந்தா", காய்ச்சலுக்கு "டெமாம்", இரத்தத்துக்கு "டாரா". நேற்று எத்தனை தடவை போனது என்று காலண்டரில் கோடு போட்டு வையுங்கள். அந்தத் தாளை நீட்டினால் போதும், பேச்சே வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கோடு போடச் சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு என்ன செய்வது?

சந்தியில் பஸ் ஏறுமுன் எங்கே கக்கூஸ் இருக்கிறது, இறங்கினால் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பையில் மாற்றுக் கைலி ஒன்று, ஒரு துண்டு, பிளாஸ்டிக் பை, தண்ணீர்ப் போத்தல், மாத்திரை. பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் நாப்கின் மருந்துக் கடையில் கிடைக்கும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூக நலப் பிரிவு இருக்கிறது. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் கஷ்டம் என்றால் அங்கே போய்ச் சொல்லுங்கள். அக்காவுக்கு அந்த மிசிதான் வழி காட்டினார்.

ஆசன வாயில் எரிச்சல் இருந்தால் காகிதத்தால் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பருத்தி உள்ளாடை நல்லது. ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத் தவிர, தைலமோ மஞ்சளோ கதிர் படும் தோலில் பூசாதீர்கள்.

வாய், தொண்டைக்குக் கதிர் வைத்தால்

நம் மலேசிய இந்தியர்களிடையே வாய்ப் புற்று நோய் கூடுதல். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வாய்க்குக் கதிர் வைத்தால் புண் வரும், எச்சில் வற்றும், ருசி போகும், விழுங்க முடியாது. உப்புத் தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளியுங்கள். புளிப்பு, காரம், கொதிக்கக் கொதிக்கச் சூடு வேண்டாம். குழைந்த கஞ்சியில் முட்டையை அடித்துக் கலந்து கொடுங்கள். வெற்றிலையையும் புகையிலையையும் அன்றோடு விடுங்கள். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். குழாய் வழியாக உணவு கொடுக்க வழி இருக்கிறது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

மாத்திரை போட்டும் வயிற்றுப்போக்கு நிற்காமல், வழக்கத்தைவிட ஆறேழு தடவை கூடுதலாகப் போனால், இரத்தம் போனால், 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் அடித்தால், குடித்தது எல்லாம் வாந்தியாக வந்தால், வயிறு பொறுக்க முடியாமல் வலித்தால், எழுந்தால் கண் இருட்டினால், சிறுநீர் வராமல், வந்தாலும் கடுந்தேத்தண்ணி நிறத்தில் வந்தால். இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கீமோவும் ஏற்றிக்கொள்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் நடு ராத்திரியானாலும் போக வேண்டும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து வைக்கும் கதிர், அதன் பிறகு உள்ளே வைக்கும் கதிர் இரண்டையும் 8 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. நாள் இழுத்துக்கொண்டே போனால், அழிந்துகொண்டிருந்த புற்று அணு மீண்டும் தலை தூக்க இடம் கிடைக்கும். பாதி வெட்டிய லாலான் புல் மாதிரிதான். நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

"வேலைக்குப் போகலேன்னா சம்பளம் போயிடுமே!" என்று கேட்பது காதில் விழுகிறது. தீபகற்ப மலேசியாவில் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், 5 வருஷமும் அதற்கு மேலும் செய்தவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலை என்றால் 60 நாள் வரை. 1.1.2023 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், படுக்காவிட்டாலும் அதே கணக்கில் சேரும். 48 மணி நேரத்துக்குள் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். டாக்டரிடம் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்கள் சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ விசாரியுங்கள்.

முடிந்த பிறகும் மறக்காதீர்கள்

பல பேருக்கு வயிறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சில பேருக்கு மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்தும் தொல்லை வரலாம். மலத்தில் இரத்தம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, அடக்க முடியாமை, வயிறு இறுகி வலிப்பது. இரத்தம் என்றால் உடனே மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு அடிவயித்துல கதிர் வச்சிருக்காங்க" என்று முதலில் சொல்லுங்கள். இதற்கும் வைத்தியம் இருக்கிறது.

அந்த அக்கா மிச்சத் தடவைகளையும் முடித்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உப்புத் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போனார். ஒரு நாள் டிரைவரிடம் அவரே சொன்னார்: "தம்பி, எனக்குச் சீக்கு. சொன்னா நிறுத்தணும்." அந்த மலாய்க்காரத் தம்பி இரண்டு தடவை நிறுத்தினாராம். பஸ்ஸில் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லையாம்.

கணவன்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் தானாகச் சொல்ல மாட்டாள். இத்தனை வருஷம் சொல்லாமலே பழகியவள். "இன்னைக்கு எத்தனை தடவை போச்சு? தண்ணி குடிச்சியா? கஞ்சி காய்ச்சட்டுமா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் போய்விடாமல் அடுப்பையும் நீங்களே பற்ற வையுங்கள்.